கூரை வேண்டும், சுவர் வேண்டாம்: கார்த்திகை மழையில் நாற்று காப்போம்

தைப்பட்டத்துக்கு நாற்று விடும் நேரம்தான் எங்கள் திருநீர்மலைப் பக்கம் வானம் பொத்துக்கொள்ளும் நேரமும். கணக்குப் போட்டுப் பாருங்கள். தை முதல் தேதி நடவு என்றால் மிளகாய் நாற்றுக்கு 40 முதல் 45 நாள் வயது வேண்டும். கத்தரிக்கு 30 முதல் 35 நாள். தக்காளிக்கு 25 நாள் போதும். அப்படியானால் மிளகாயைக் கார்த்திகை 15 வாக்கில் விதைக்கணும், கத்தரியைக் கார்த்திகை 25 வாக்கில், தக்காளியை மார்கழி 5 வாக்கில். 2015 டிசம்பர் 1, அதாவது கார்த்திகை 15 அன்றுதான் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. 2023-ல் மிக்ஜாம் புயல் வந்ததும் டிசம்பர் முதல் வாரம்தான்.

எங்கள் ஊர்த் தலபுராணமே தண்ணீர்க் கதை. திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றித் தண்ணீர் நின்றதாம். வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்து பெருமாளைச் சேவித்தாராம். ஆழ்வார் காத்திருந்தார், பட்டம் காத்திருக்குமா? மழை முழுசா விடட்டும் என்று மார்கழிக் கடைசியில் விதைத்தால் நடவு மாசிக்குத் தள்ளிப்போகும். தக்காளி பூக்கும்போது பங்குனி வெயில் வந்து பூவை உதிர்த்துவிடும்.

"அதான் கடையில குழித்தட்டு நாத்து விக்குதே, வாங்கி நட்டுட்டுப் போங்க" என்று சொல்வார்கள். வாங்கலாம். ஆனால் அங்கே கிடைப்பது பெரும்பாலும் வீரிய ஒட்டுரகம். நம்மிடம் இருப்பதோ ஒரு பிடி நாட்டு விதை. அது பாத்தியிலேயே அழுகிவிட்டால் ஒரு பட்டம் மட்டுமா போகிறது? அந்த ரகமே நம் கையை விட்டுப் போய்விடும்.

குளிர்நாட்டுப் பெட்டி நமக்கு ஆகுமா?

குளிர் நாடுகளில் நாற்றைக் காக்க ஒரு பெட்டி செய்வார்கள். நான்கு பக்கமும் பலகை, மேலே கண்ணாடி மூடி. வெயில் நன்றாக விழ மூடி தெற்கே சாய்ந்திருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் காய்கறி விவசாயிகள் குதிரைச் சாணத்தை அடியில் போட்டு, அது மக்கும் சூட்டிலேயே பனிக்காலத்திலும் கீரை எடுத்தார்கள். நம் ஊட்டியில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும். அங்கே உள்ள நண்பர்களுக்கு அந்தப் பெட்டி உதவும்.

இங்கே கதை வேறு. மார்கழி ராத்திரியிலும் நமக்கு 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நாற்றுக்கு எதிரி குளிர் இல்லை. மழைத்துளியின் அடி, தேங்கும் நீர், அவற்றோடு வரும் நாற்றழுகல்: இவைதான் எதிரிகள். பித்தியம் என்ற பூஞ்சை மண்மட்டத்தில் தண்டைத் தாக்கும். காலையில் பார்த்தால் நாற்று வெந்த கீரை மாதிரி சாய்ந்து கிடக்கும். பிறகு வட்டவட்டமாகப் பரவும். நாலு பக்கமும் மூடிய பெட்டி இந்தப் பூஞ்சைக்கு மாமியார் வீட்டு விருந்து. நடுவில் இரண்டு மணி நேரம் வெயில் அடித்தாலோ அதே பெட்டி அடுப்பாகிவிடும். அதனால் நமக்குக் கூரை வேண்டும், சுவர் வேண்டாம்.

நான் செய்யும் பந்தல்

பாத்தி 3 அடி அகலம், கிழக்கு மேற்காக நீளம். வழக்கமாக அரையடி உயரம் போதும் என்பார்கள். ஏரி நிரம்பினால் எங்கள் மண்ணில் ஊற்று மேலே வரும், அதனால் நான் ஓரத்தில் ஹாலோ பிளாக் கல் அடுக்கி ஒரு அடிக்கு உயர்த்துகிறேன். செம்மண், மணல், சலித்த மக்கு உரம் மூன்றும் சமபங்கு.

சவுக்குக் கழிகளைத் தெற்கே 3½ அடி, வடக்கே 2 அடி உயரத்தில் நட்டு, மேலே ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளைக் கட்டுகிறேன். வடகிழக்குக் காற்றோடு வரும் சாரலைத் தாழ்ந்த வடபக்கம் தடுக்கும். மார்கழிச் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் உயர்ந்த பக்கம் வழியாக வெயில் உள்ளே வரும். தாள் பாத்தியைத் தாண்டி ஒரு அடி நீட்டிக்கொண்டிருக்கணும்; சொட்டும் நீர் வாய்க்காலில் விழணும். பக்கங்களில் 40 மெஷ் நைலான் வலை மட்டும் கட்டினால் காற்றும் வரும், இலைச்சுருட்டு நோயைப் பரப்பும் வெள்ளை ஈயும் வராது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய கண்ணாடி ஜன்னல் கிடைத்தால் அதையும் கூரையாக்கலாம். ஆனால் பாத்தியின் மேல் படுக்க வைக்காதீர்கள், கல் அடுக்கித் தூக்கி வையுங்கள்.

கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்பது கணக்கு. நம் ஒரு பிடிக்கு ஒரு சிட்டிகை, ஆறின கஞ்சியில் கலந்து புரட்டி நிழலில் உலர்த்தினால் போதும். வரிசைக்கு வரிசை 10 செ.மீ. விட்டு, அரை செ.மீ. ஆழத்தில் விதைத்து வைக்கோல் மூடுங்கள். முளை தெரிந்த அன்றே வைக்கோலை எடுத்துவிடணும். தண்ணீர் காலையில் மட்டும். சாயங்காலம் ஊற்றினால் ராத்திரி முழுக்க ஈரம் நின்று பூஞ்சைக்குத்தான் லாபம். நெருக்கமாக முளைத்ததைக் கலைத்துவிடுங்கள். எங்கள் தெருப் பாட்டி ஒருவர் சொல்வார்: "நாத்துக்குத் தண்ணி குடுக்க எல்லாருக்கும் தெரியும்பா, காத்து குடுக்கத்தான் தெரியாது."

நடவுக்கு ஒரு வாரம் முன்பு, மழை இல்லாத நாட்களில் கூரையைக் கழற்றி, தண்ணீரையும் குறைத்து நாற்றைப் பழக்குங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் இந்தப் பந்தல் தாங்காது. தாளை முன்கூட்டியே அவிழ்த்துவிட வேண்டும். அதனால்தான் மிளகாயை மட்டும் 98 குழித்தட்டில் போட்டுப் பாத்தி மேல் வைக்கிறேன். சட்டென்று திண்ணைக்குத் தூக்கிவிடலாம். எந்த ரகமானாலும் கையிலுள்ள விதையில் பாதியை மட்டும் முதலில் விதையுங்கள். மீதிப் பாதி பத்து நாள் கழித்து. அதிலும் ஒரு சிட்டிகை விதை சாம்பல் கலந்து டப்பாவிலேயே இருக்கட்டும். அடுத்த ஆடிக்கு ஆகும்.