எழுத்தின் ஐந்தருவி

குற்றாலத்து ஐந்தருவியின் முன் நின்றவர்கள், ஒரே ஆற்றின் நீர் பாறையின் அமைப்புக்கு ஏற்ப ஐந்து கிளைகளாகப் பிரிந்து விழும் காட்சியைக் கண்டிருப்பார்கள். சொற்செயலி என்னும் கணினிச் சாதனத்தின் தத்துவத்தை விளக்க, அதனினும் பொருத்தமான உவமை எனக்குத் தோன்றவில்லை.

காகிதத்தில் எழுதிய எழுத்து, மை உலர்ந்த கணமே ஒரே வடிவில் நிலைத்துவிடுகிறது. சொற்செயலியிலோ ஒவ்வோர் எழுத்தும் எண் வடிவில் சேமிக்கப்படுகிறது. யூனிக்கோடு முறையில் ‘அ’வுக்குரிய எண் 2949. அவ்வெண் எவ்வுருவில் வெளிப்பட வேண்டும் என்பதைப் பின்னர்த் தீர்மானிக்கலாமாதலால், ஒரே பாடம் பார்வை மங்கிய மாணவனுக்குப் பெரிய எழுத்தாகவும், பார்வையற்றவனுக்குத் திரைவாசிப்பான் வழியே குரலாகவும் பிரெய்ல் புள்ளிகளாகவும், நெருங்கிய வரிகளிடையே கண் தடுமாறும் மாணவிக்கு இடைவெளி அகன்ற பக்கமாகவும் உருமாறுகிறது.

தமிழ்க் குழந்தைக்கு இதில் ஒரு விசேஷ அனுகூலமும் உண்டு. ‘கெ’ என்று எழுதுகையில், செவியில் பின்னர் ஒலிக்கும் எகரத்துக்குரிய கொம்பைக் கை முன்னரே வரைய நேர்கிறது. ‘கொ’விலோ ஓர் உயிரொலியின் குறி மெய்யின் இருபுறமும் பிளந்து நிற்கிறது. டிஸ்லெக்ஸியா காரணமாக ஒலியையும் வரிவடிவையும் இணைப்பதிலேயே இடர்ப்படும் குழந்தைக்கு இது சிறு பாரமன்று. தமிழ்99 விசைப்பலகையிலோ, ‘க’, ‘எ’ எனச் செவி கேட்ட வரிசையிலேயே தட்டினால் போதும். கொம்பை உரிய இடத்தில் சேர்க்கும் பிரயாசை யந்திரத்தைச் சேர்ந்தது.

ஆயினும், உபாத்தியாயர் செய்ய வேண்டியதை யந்திரம் தானே செய்துவிடாது. தலைப்பை வெறுமனே தடித்த எழுத்தாக்கினால், அது கண்ணுக்கு மட்டுமே தலைப்பு. திரைவாசிப்பானுக்கோ மற்றுமொரு வரி. சொற்செயலியிலுள்ள ‘தலைப்பு’ப் பாணியை இட்டு, படங்களுக்கு விளக்க வாக்கியமும் சேர்த்துவைத்தால்தான், பார்வையற்ற மாணவன் தான் விரும்பிய பகுதிக்கு நேரே சென்று, படம் கூறுவதையும் செவியால் அறிவான்.

கண்ணுக்கு மட்டுமன்றி, இயங்காத கைக்கும் சொற்செயலி துணையாகும். தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் 1981-இல் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தை நிறுவிய எஸ். இராமகிருஷ்ணன், 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது நேர்ந்த விபத்தால் கழுத்துக்குக் கீழே இயக்கத்தை இழந்தவர். உடல் முடங்கினாலும் சிந்தனை முடங்குவதில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று. கை இயங்காத குழந்தை வாயால் சொல்வதைச் சொற்செயலி எழுத்தாக்கித் தரும் இக்காலத்தில், அழகிய கையெழுத்தை அறிவின் அளவுகோலாகக் கொண்ட நம் பழைய வழக்கத்தை இனியேனும் நாம் கைவிட வேண்டும்.