எழுத்து எந்த வாயிலில் பிறழ்கிறது?

இணையப் படிவத்தில் 'அமுதா' என்று தம் பெயரைத் தட்டச்சு செய்து அனுப்பிய ஒருவர், மறுகணமே அது ஐரோப்பிய எழுத்துக்களும் விநோதக் குறிகளுமாய்த் திரையில் விகாரப்பட்டு நிற்பதைக் கண்டால், எல்லாம் கெட்டுவிட்டதென்றே எண்ணுவார். 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யூ.டி.எஃப்-8 என்ற குறியாக்க முறையில் 'அ' என்ற ஓரெழுத்து 224, 174, 133 என மூன்று பைட்டுகளாகப் பிரயாணம் செய்கிறது. பெற்றுக்கொள்ளும் சர்வர், பைட்டுக்கு ஓரெழுத்து என்ற பழைய மேலை ஐரோப்பிய விதிப்படி வாசிப்பதனால் வந்த கோளாறு இது.

ஜாவா உலகில் பிரசித்தமான டாம்கேட் சர்வர், முகவரியோடு சேர்ந்து வரும் சொற்களை ஏழாம் பதிப்பு வரையில் அந்தப் பழைய விதிப்படியே வாசித்து வந்தது. எட்டாம் பதிப்பில்தான் யூ.டி.எஃப்-8 அதன் இயல்பாயிற்று. படிவத்தின் உடலில் வரும் சொற்களுக்கோ, நிரல் முதல் மதிப்பை வாசிக்குமுன்பே குறியாக்க முறையை அறிவித்துவிட வேண்டும். வாசித்தபின் அறிவிப்பதில் யாதொரு பிரயோஜனமும் இல்லை.

விகார எழுத்துக்கள் தெரிந்தால் பைட்டுகள் பெரும்பாலும் பத்திரமாயிருக்கின்றன, மீட்டுவிடலாம். தரவுத்தளத்திலேயே வெறும் கேள்விக்குறிகள் பதிந்துவிட்டாலோ மூலம் அழிந்தே போயிற்று. ஒருவர் நம்பி ஒப்படைத்த பெயர் அவ்விதம் அழிவதைச் சிறு பிழையென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆதலால் உலாவி, சர்வர், தரவுத்தளம் என்ற ஒவ்வொரு வாயிலிலும் பைட்டுகளை எண்களாகவே அச்சிட்டுப் பார்ப்பது உத்தமம். 224 என்ற எண் எந்த வாயிலில் 195, 160 என்ற ஜோடியாக உருமாறியிருக்கிறதோ, அதற்குச் சற்று முன்னால்தான் எழுத்து தவறாக வாசிக்கப்பட்டிருக்கிறது.