கோழிக்குஞ்சு ஏன் ஓயாமல் கத்துகிறது?

பட்டு நூலுக்குச் சாயம் போடும் ஊர் ஆரணி. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும், தமிழ்நாட்டின் மற்ற ஊர்ப் பிள்ளைகளைப் போலவே, சாயம் போட்ட கோழிக்குஞ்சு என்றால் கொள்ளை ஆசை. கலர் கோழிக்குஞ்சு விற்பவர் தெருவுக்குள் வந்துவிட்டால் போதும், ரோஸோ பச்சையோ ஒரு குஞ்சு வீட்டுக்கு வந்து அட்டைப் பெட்டியில் குடியேறிவிடும். சிக்கல் அன்று இரவு தொடங்கும். தறிச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவர்களையும் அந்தக் ‘கீச் கீச்’ தூங்க விடாது.

பசியாக இருக்கும் என்று நொய்யை அள்ளிப் போடுவார்கள். குஞ்சு இரண்டு கொத்து கொத்திவிட்டு மறுபடி கத்தும்.

பிறந்து ஓரிரு நாளே ஆன குஞ்சுக்குப் பசி பெரும்பாலும் முதல் காரணம் அல்ல. 21 நாள் அடைகாப்பு முடியும் தறுவாயில், முட்டையில் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டுவிடுகிறது. அந்தக் கட்டுச்சோறு இரண்டு மூன்று நாளுக்குத் தாங்கும். ஒரு நாள் குஞ்சுகளைப் பொரிப்பகங்கள் தீனியில்லாமல் தொலைதூரம் அனுப்ப முடிவது இதனால்தான்.

அப்படியானால் அது எதைக் கேட்கிறது? சூட்டையும் துணையையும்.

முட்டைக்குள் இருக்கும்போதே இந்தப் பேச்சு தொடங்கிவிடுகிறது. வெளியே வருவதற்கு ஒரு நாள் முன்பு, குஞ்சு தன் அலகால் முட்டையின் காற்றறைச் சவ்வைக் குத்தி மூச்சுவிடத் தொடங்கும். அப்போதே மெல்லக் கத்தும். அடைக்கோழியும் பதிலுக்குக் குரல் கொடுக்கும். பொரித்த பிறகு தாயையும் குஞ்சையும் சேர்த்துப் பிடித்திருப்பது பார்வையைவிடக் குரல்தான். விலங்கியலாளர் யாக்கோப் ஃபான் உக்ஸ்க்யூல் 1934-இல் எழுதிய நூலில் ஒரு சோதனையை விவரிக்கிறார். காலில் கயிறு கட்டிய குஞ்சை மறைவில் வைத்தால், கத்தல் கேட்டுத் தாய்க்கோழி ஓடி வருகிறது. அதே குஞ்சைக் கண்ணெதிரே கண்ணாடிக் கவிப்புக்குள் வைத்தால், அது துடிப்பது தெரிந்தும் தாய் கண்டுகொள்வதில்லை. குரல் வெளியே கேட்கவில்லை, அவ்வளவுதான். வான்கோழிகளை வைத்து வுல்ஃப்காங் ஷ்லைட் செய்த ஆய்வு இன்னும் திடுக்கிட வைப்பது. காது கேளாமல் ஆக்கப்பட்ட தாய்கள் தங்கள் குஞ்சுகளையே எதிரி என்று நினைத்துக் கொத்திக் கொன்றன.

எல்லாக் கத்தலும் ஒன்றல்ல. நிக்கோலஸ் கோலியாஸும் மார்ட்டின் ஜூஸும் 1953-இல் குஞ்சுகளின் ஒலியைப் பதிவு செய்து வரைபடமாக்கினார்கள். தவிக்கும் குஞ்சின் குரல் உரக்க எழும். ஒவ்வொரு கத்தலும் உச்சத்திலிருந்து கீழே இறங்கும். நிம்மதியாக இருக்கும் குஞ்சு சன்னமாக, குட்டிக் குட்டியாகக் குரல் கொடுக்கும். சுருதி மேல்நோக்கி ஏறும். கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால் வீட்டிலேயே இந்த வித்தியாசம் பிடிபடும்.

தவிப்புக்குப் பெருங்காரணம் குளிர். வளர்ந்த கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி செல்சியஸ். பஞ்சு போன்ற தூவியை மட்டும் போர்த்திய குஞ்சால் முதல் இரண்டு வாரம் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. முதல் வாரம் அதைச் சுற்றி 35 டிகிரி அளவு வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். சித்திரை வெயிலில் ஆரணியின் பகல் இதற்குப் போதும். மார்கழி இரவிலோ, மின்விசிறிக்குக் கீழே சிமெண்டுத் தரையிலோ குஞ்சு விறைத்துப்போகும்.

அடுத்தது தனிமை. தாயின் இறக்கைக்கடியில் பத்துப் பன்னிரண்டு உடன்பிறப்புகளோடு ஒண்டிக் கிடக்க வேண்டிய உயிர் அது. தனியாக விடப்பட்ட குஞ்சின் முன் கண்ணாடி வைத்தாலே கத்தல் குறைவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நரம்பியலாளர் யாக் பாங்க்செப் 1970-களின் பிற்பகுதியில் செய்த சோதனைகளில், மார்ஃபின் வகை மருந்தை மிகச் சிறு அளவில் கொடுத்ததுமே குஞ்சுகளின் பிரிவுக் கத்தல் அடங்கியது. வலியைத் தணிக்கும் அதே மூளை வேதியியல் பிரிவுத் துயரத்திலும் வேலை செய்கிறது என்பதற்கு அது ஆதாரமானது.

கலர் குஞ்சுக்கு இந்த இரண்டும் கிடைப்பதில்லை. அவற்றில் பெரும்பாலானவை முட்டைக்கோழி இனத்தின் சேவல் குஞ்சுகள். முட்டை இடாது, கறிக்கோழி வேகத்தில் வளரவும் செய்யாது என்பதால் பொரிப்பகங்கள் மலிவு விலைக்குத் தள்ளிவிடுபவை. தாயை அவை பார்த்ததே இல்லை.

வாங்கி வந்தாகிவிட்டது என்றால் செய்யவேண்டியது எளிது. ஒன்றை மட்டும் வளர்க்க வேண்டாம். இரண்டு மூன்றாக இருக்கட்டும். பெட்டியில் நெல் உமி பரப்பி, ஒரு மூலையில் பழைய குண்டு பல்பைத் தொங்கவிடுங்கள். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், போதுமான சூடு தராது. குஞ்சுகள் விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது. விலகி ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாக மேய்ந்தால் சரியாக இருக்கிறது. அப்படியும் கத்தினால், பின்புறத்தில் எச்சம் காய்ந்து அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் மெல்லத் துடைத்தால் போதும். தண்ணீர்க் கிண்ணம் ஆழமில்லாமல் இருக்க வேண்டும்.

சத்தமாகக் கத்திக்கொண்டிருந்த குஞ்சு திடீரென்று அடங்கி, தலை தொங்கி, இறக்கை தளர்ந்து நின்றால் அதைச் சமாதானம் ஆகிவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். உடனே சூடு கொடுத்து, அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். பிழைத்து வளரும் குஞ்சுக்கு ஏழாம் நாளில் கோழிக்கழிச்சல் நோய்த் தடுப்பு மருந்தையும் மறக்காமல் போட்டுவிடுங்கள்.