பெருச்சாளிக்குப் போட்ட பந்தி

பொறிக்கு என்று வாங்கிய மசால்வடை ஆறு. பொறிக்குப் போய்ச் சேர்ந்தது நாலு. மீதி ரெண்டு எங்கே என்று மேஸ்திரி அண்ணன் கேட்டதும், குழுவிலேயே சின்னவனான தம்பி வாயைத் துடைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான். "எலி புடிக்கிற வண்டியிலயே எலி பூந்துகிச்சு சார்" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். லோடு ஆட்டோவே குலுங்குகிற அளவுக்குச் சிரிப்பு. ஆகா, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறேன்!

தண்டையார்பேட்டையில் வீடு, கடை, கிடங்கு என்று எலி ஒழிப்பு வேலை பார்க்கும் சின்னக் குழு இது. "ஓரமா நிக்கிறேன், எதையும் தொடமாட்டேன்" என்று கெஞ்சிக் கூத்தாடி ஏறியிருக்கிறேன். நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள். காலை மட்டும் பார்த்து வையுங்கள். கீழே கருப்புப் பிளாஸ்டிக் பெட்டிகள். முதுகுக்குப் பின்னால் கம்பிவலைச் சுருள். அரை மூட்டை சிமென்ட், பெயின்ட் வாளி நிறைய உடைந்த பாட்டில் கண்ணாடி, பழைய தினசரிக் கட்டு, ஒரு டப்பா மைதா. எல்லாவற்றுக்கும் மேலே ராஜாவைப் போல உட்கார்ந்திருக்கிறது ஒரு கருவாட்டுப் பொட்டலம். காசிமேட்டில் வாங்கியதாம்.

"எலிக்கு எதுக்குண்ணே இவ்வளவு நல்ல கருவாடு?"

"இந்த ஏரியா எலி சார். மீன் மார்க்கெட்டுப் பக்கத்துலயே பொறந்து வளந்தது. மட்டமான சரக்க மோந்துகூடப் பாக்காது."

முதல் நிறுத்தம் கொருக்குப்பேட்டை பக்கம், ரயில் பாதையை ஒட்டிய ஒரு சந்து. இறங்கியதுமே எங்களைச் சுற்றிப் பொடிசுகளின் கூட்டம். கொல்லையில் துணி துவைக்கிற கல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. கல்லுக்கு அடியில் கையை விடுகிற அளவுக்கு ஓட்டை, வாசலில் புதுமண் குவியல். "பெருச்சாளி" என்றார் அண்ணன், மண்ணைத் தொட்டுக்கூடப் பார்க்காமல். வீட்டுச் சுண்டெலிக்கு அலமாரி இடுக்கு போதும். பெருச்சாளி அப்படியில்லை. அது கட்டட வேலைக்காரன். மழைநீர் வடிகால் ஓரம், நடைபாதைக்கு அடியில், அஸ்திவாரத்துப் பக்கம் என்று குடைந்துகொண்டே போகும். கீழிருக்கும் மண் காலியானதும் மேலே இருக்கும் கல் உட்கார்ந்துவிடும். டி.எச். ரோட்டுக்குக் கீழே 2021-ல் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு ரொம்ப காலம் முன்னாலேயே இங்கே சுரங்கப் பாதை ஓடிக்கொண்டிருந்தது, டிக்கெட் இல்லாமல்!

திண்ணையிலிருந்து ஒரு குரல்: "தம்பி, அது புள்ளையாரு வாகனம்பா. வெள்ளிக்கிழமையும் அதுவுமா…"

அண்ணன் திரும்பி ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "ஆயா, புள்ளையாரு வண்டின்னா ரோட்டுல நிறுத்தட்டும். உன் வூட்டு அஸ்திவாரத்துல நிறுத்தினா நோ பார்க்கிங்." ஆயாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேலை ஆரம்பிக்க உத்தரவும் கிடைத்துவிட்டது.

விஷம் எடுப்பார்கள் என்று நான் எட்டிப் பார்த்தால், எடுத்தது தினசரிப் பேப்பர்! கசக்கி உருட்டி ஒவ்வொரு ஓட்டையிலும் திணிக்கிறான் தம்பி. சந்து முழுக்கத் தவழ்ந்து, டார்ச் அடித்து, பதினொரு ஓட்டை அடைத்தாயிற்று. "இன்னிக்கு விசாரணை மட்டும்தான் சார்" என்கிறார் அண்ணன். ஒரு வளைக்குப் பல வாசல் இருக்கும். சிலது பழைய வாசல், ஆள் காலி செய்து போன வீடு. ராத்திரி எந்தப் பேப்பர் வெளியே தள்ளப்படுகிறதோ அதுதான் குடியிருக்கும் வீடு. மருந்து அங்கே மட்டும். கண்ட ஓட்டையில் எல்லாம் கொட்டினால் காசும் வீண், ஆபத்தும் கூட.

தம்பியின் கையுறைக்குள் வியர்வை குளமாகத் தேங்கியிருக்கிறது. கழற்றிக் கவிழ்த்தால் சொட்டுகிறது. இருந்தாலும் வேலை முடியும் வரை கழற்ற அனுமதி இல்லை. எலியின் மூத்திரம் கலந்த ஈரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கையில் ஒரு கீறல் இருந்தால் போதும், உள்ளே புகுந்துவிடும். மழைத் தண்ணீரில் வெறுங்காலோடு ஆடாதே என்று அம்மாக்கள் திட்டுவதற்குக் காரணம் சளி மட்டும் இல்லை.

"மாத்திரை ஒண்ணு போட்டா ஒரே ராத்திரில முடிஞ்சிடும்னு சொல்றாங்களே?" என்று வீட்டுக்கார அக்கா கேட்டதும், சிரித்துக்கொண்டிருந்த அண்ணன் முகம் மாறிவிட்டது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டால் விஷவாயுவைக் கக்கும். அரசு அமைப்புகளுக்கும் அனுமதி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனங்களுக்கும் மட்டுமே விற்கலாம் என்று கட்டுப்பாடு உண்டு. "குன்றத்தூர் சேதி படிச்சீங்களாக்கா?" என்றார். 2024 நவம்பரில், எலிமருந்து வைக்கப்பட்ட வீட்டில் 2 குழந்தைகள் இறந்துபோன சேதி. "வூட்டுக்குள்ள மருந்தே கெடையாது. உள்ள பொறி மட்டும்தான். மருந்து வெளிய, பூட்டுப் போட்ட பொட்டிக்குள்ள." அக்கா பேசாமல் தலையாட்டினார்.

ஷட்டர் இறங்கும் நேரத்துக்கு ஒரு மளிகைக் கிடங்கு. உள்ளே மிளகாய் நெடி, புளி வாசம், தும்மல் கச்சேரி. இங்கேதான் எனக்குப் பிடித்த காட்சி! விளக்கை அணைத்துவிட்டு அண்ணன் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடிக்கிறார். அடடா, சுத்தமாகத் தெரிந்த கிடங்கில் என்னென்னவோ முளைக்கிறது! சுவரோரம் அழுக்கு மினுங்கும் ஒரு கோடு. தினமும் அதே வழியில் உரசிப் போகும் உடம்பின் எண்ணெய்ப் பிசுக்காம் அது. மூட்டைக்குப் பின்னால் புழுக்கைகள். பொடியாக இருந்தால் சுண்டெலி, பெரிதாக இருந்தால் பெருச்சாளி, பளபளப்பாக ஈரமாக இருந்தால் நேற்று வந்தது. தம்பி மைதாவைத் தரையில் சல்லடை போட்டுத் தூவுகிறான். விடிந்ததும் கால்தடம் படிக்கலாம்.

கருப்புப் பெட்டிகளைச் சுவரோரம் வைத்தார்கள். உள்ளே வெறும் கருவாடும் தேங்காய்ச் சில்லும்தான், மருந்து இல்லை. "சாப்பாடு மட்டுமா!" என்று கிடங்குக்காரர் அலறிவிட்டார். எலி சந்தேகப் பிராணி. வழக்கமான பாதையில் புதுப் பொருளைக் கண்டால் சுற்றிக்கொண்டு போகும். நாலைந்து நாள் நிம்மதியாகச் சாப்பிட்டுப் பழகட்டும், பிறகு மருந்துக் கட்டி. அதுவும் தின்றதும் சாகடிக்காது. ரத்தம் உறையும் சக்தியைக் கெடுத்து, சில நாள் கழித்தே வேலையைக் காட்டும். கூட்டாளிக்கு எதனால் சாவு வந்தது என்று மற்ற எலிகள் கண்டுபிடிக்க வழியில்லை.

நள்ளிரவு, டி.எச். ரோட்டு ஓரம் டீ. துறைமுகம் போகும் கன்டெய்னர் லாரிகள் தடதடத்துப் போகின்றன. மூன்று தரம் கை கழுவிய பிறகே கிளாஸைத் தொட்டான் தம்பி. கதை நேரம்! அண்ணன் இளவயதில் துறைமுகத்தில் கூலி வேலை பார்த்தவர். கரையில் கட்டிய கப்பலின் கயிறுகளில் வட்டத் தகடு மாட்டியிருப்பார்களே, அது எலிக்குப் போட்ட தடுப்பு. கயிற்றில் நடந்து வரும் எலி தகட்டைத் தாண்ட முடியாது. 1896-ல் பம்பாயைப் பிளேக் பிடித்து உலுக்கிய பிறகு எந்தத் துறைமுகத்துக்கும் எலி விளையாட்டுச் சமாசாரம் இல்லை. இன்றைக்கும் சர்வதேசக் கப்பல்களுக்குச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், ஆறு மாதம்தான் செல்லும்.

"ரயில்வே எலி கதை தெரியுமாண்ணே?" என்று நான் எடுத்துவிட்டேன். 2019-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வெளிவந்த கணக்கு அது. சென்னைக் கோட்டம் மூன்று வருஷத்தில் எலி பிடிக்கச் செலவழித்தது 5.89 கோடி ரூபாய். 2018-19-ல் பிடிபட்டது 2,636 எலி. ஓர் எலி 22,000 ரூபாய் என்று ஊரே சிரித்தது. டீயை உறிஞ்சியபடி அண்ணன் கேட்டார்: "காசு மூணு வருசத்துது, எலி ஒரு வருசத்துதா? அப்புறம் வளைக்குள்ளயே செத்தத யாரு எண்ணுனா?" நான் கிளாஸுக்குள் முகத்தை விட்டுக்கொண்டேன்.

அவருடைய குருபக்தி முழுக்க இருளர்களுக்குத்தான். வயலில் வளையைப் பார்த்த மாத்திரத்தில் எந்த வாசலில் எலி வெளியே வரும் என்று சொல்லிவிடுவார்களாம். மண்பானையில் வைக்கோலைப் புகையவிட்டு, வாயால் ஊதி வளைக்குள் அனுப்புவது அவர்கள் முறை. உதடும் கையும் சுடும், நெஞ்சில் புகை அடையும். வாயால் ஊதாமல் கையால் சுற்றிப் புகை விடும் இரும்புக் கருவியை அவர்களிடம் கொண்டுசேர்க்கும் திட்டத்துக்கு 2003-ல் உலக வங்கியின் பரிசு கிடைத்தது. சிகாகோவிலும் நியூயார்க்கிலும் வளைக்குள் உலர்பனி போட்டு வாயுவால் எலியை மடக்குகிறார்கள் என்று நான் சொன்னதும் அண்ணனுக்கு ஒரே பெருமை: "பாத்தியா, நம்மாளு பானைதான் அங்க போயிருக்குது!"

விடிந்ததும் சந்துக்கு ஓட்டம். பொடிசுகள் எங்களுக்கு முன்னாலேயே எண்ணி வைத்திருக்கிறார்கள். "நாலு பேப்பர் வெளிய கீது!" நாலு வாசலிலும் பூட்டுப் பெட்டி உட்கார்ந்தது. காலி ஏழிலும் கண்ணாடித் துண்டும் சிமென்ட்டும் குழைத்து அடைப்பு. தம்பி சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு தேறும். ஆயா அவனுக்கு மட்டும் மோர் கொடுத்தார். கிடங்கு மைதாவிலோ சித்திரக் கண்காட்சி. ஓரமாக வந்து, பெட்டிக்கு முன்னால் நின்று யோசித்து, திரும்பிப் போன கால்தடம் துல்லியமாகத் தெரிந்தது. "யோசிக்கிறாரு. நாளைக்கு உள்ள வருவாரு" என்று அண்ணன் குதூகலித்தார்.

கிளம்பும்போது டீ மாஸ்டர் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நம்ம கடைக்கும் ஒரு மருந்து வெச்சிட்டுப் போ." அண்ணன் கடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். மூடியில்லாத டிரம்மில் பஜ்ஜித் தூளும் ஊசின சட்னியும், பக்கத்தில் சொட்டும் குழாய்.

"தெனம் நீ பந்தி போடுற. நான் ஓரமா ஒரு இலை போட்டா அதுல எவன் வந்து உக்காருவான்? மொதல்ல மூடி போட்ட டிரம் வாங்கு, கொழாய மாத்து. வியாழக்கிழமை வரேன்."

"டிரம் காசு பில்லுல கழிப்பியா?"

"கழிக்கிறேன். டீக்குக் காசு வாங்காத."

டீக்குக் காசு வாங்கிக்கொண்டார் மாஸ்டர், ஒரு பைசா குறையாமல். டிரம் வந்ததா என்று பார்க்க நானும் வியாழக்கிழமை போகிறேன். இந்தத் தடவை மசால்வடை என் செலவு. பத்தாக வாங்கிக்கொண்டு போவதாக உத்தேசம், தம்பிக்கும் சேர்த்து.