தடவிப் பார்த்துவிட்டு வராதீர்கள்

ஆவணி பிறந்ததும் என் அறை வாசலில் கல்யாணப் பெண்கள் கூடிவிடுவார்கள். போன ஆவணியில் வந்த ஒரு பெண்ணுக்கு முகூர்த்தத்துக்குப் பதினொரு நாள்தான் இருந்தது. துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். அம்மாதான் பேசினார். "கெமிக்கல் எதுவும் போடல டாக்டர். எலுமிச்சம்பழமும் தேனும்தான். வீட்டுல இருக்கறதுதானேன்னு போட்டோம்."

துப்பட்டாவை விலக்கினால் இரண்டு கன்னத்திலும் காப்பிப்பொடி நிறத்தில் திட்டு. இடது கன்னத்திலிருந்து தாடையைத் தாண்டிக் கழுத்துவரை இரண்டு கோடுகள் இறங்கியிருந்தன. சாறு வழிந்த தடம் அது. பூசிக்கொண்ட கையோடு மொட்டை மாடியில் துணி காயப்போடப் போயிருக்கிறாள். கால் மணி நேர வெயில், அவ்வளவுதான்.

எலுமிச்சையின் தோலிலும் சாற்றிலும் ஃபியூரோகூமரின் என்ற பொருள் உண்டு. அது மேலே படிந்திருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் தோல் வெந்துபோகும். அன்றைக்கே தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துச் சிவக்கும், சிலருக்குக் கொப்புளம் எழும், பிறகு கருக்கும். அந்தக் கருப்பு மறைய வாரக்கணக்கில் ஆகும். மாதக்கணக்கில் காத்திருந்தவர்களும் உண்டு. பதினொரு நாளில் அதை எடுக்க என்னிடம் மருந்தில்லை. அதைச் சொன்னதும் அந்த அம்மா அழுத அழுகைதான் என்னை இதை எழுத வைத்தது.

இயற்கை என்றால் சாது என்று பொருளல்ல

எருக்கம்பாலும் இயற்கைதான். அது கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சேராங்கொட்டையும் இயற்கைதான். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்நுனிகளைப் பாருங்கள். ஓட்டிலிருக்கும் எண்ணெய் பட்டுப் பட்டு வெந்து கறுத்திருக்கும். செடியிலிருந்து வந்தது என்பதற்காக ஒரு பொருள் நம்மிடம் இரக்கம் காட்டாது.

நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத் தன்மை கொண்டது. அதன் பி.எச். அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். எலுமிச்சைச் சாற்றுக்கு ஏறக்குறைய 2. இந்தக் கணக்கில் ஓர் எண் குறைந்தால் அமிலம் 10 மடங்கு கூடுகிறது. மூன்று எண் குறைந்தால் 1000 மடங்கு. ஆப்பசோடா எதிர்ப்பக்கம், 8-க்கு மேல். இந்த வாரம் எலுமிச்சை, அடுத்த வாரம் சோடா, அதற்கடுத்த வாரம் பட்டைப்பொடி என்று மாறி மாறிப் போட்டால், உள்ளிருக்கும் ஈரத்தைக் காத்து வெளியிலிருக்கும் கிருமியைத் தடுக்கிற அந்த மெல்லிய மேற்படலம் என்ன ஆகும்?

பூண்டு இன்னும் மோசம். மருவின்மேல் நசுக்கி வைத்து, பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு தூங்குகிறார்கள். காலையில் பிளாஸ்டரோடு தோலும் உரிந்து வருகிறது. மரு மட்டும் அப்படியே இருக்கிறது. பருவின்மேல் பற்பசை வைப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். பல்லுக்குச் செய்ததைப் பல்லுக்கு வையுங்கள்.

புழுவெட்டில் புழு இல்லை

ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக முடி உதிர்ந்து, அந்த இடம் வழவழவென்று இருக்கும். பெயரிலேயே புழு இருப்பதால், ஏதோ பூச்சி தின்றுவிட்டது, அதைக் கொல்ல வேண்டும் என்று நம் மக்கள் நினைக்கிறார்கள். அங்கே பூச்சியும் இல்லை, புழுவும் இல்லை. நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்களே ஆள் தெரியாமல் மயிர்க்கால்களைத் தாக்குகின்றன.

சின்ன வெங்காயத்தை வெட்டித் தேய்ப்பார்கள். அதில் தீராவிட்டால் பூண்டு, அதற்கும் மேலே மிளகு. ரத்தம் கசியும்வரை தேய்த்தால்தான் பலிக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனை அப்பா அழைத்து வந்தார். தலையின் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் புண், அதன்மேல் சீழ் காய்ந்த பொருக்கு. முதலில் இருந்த வட்டம் எவ்வளவு என்று கேட்டேன். பையன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் காட்டினான்.

வெங்காயச் சாற்றைப் பற்றி ஆய்வே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2002-ல் பாக்தாத் மருத்துவர்கள் நோயாளிகள் சிலரை வைத்துப் பார்த்து, பலருக்கு முடி முளைத்ததாக எழுதினார்கள். மிகச் சிறிய ஆய்வு அது. அவர்கள் சாற்றைத் தடவினார்கள். தோலைத் தேய்த்துக் கிழிக்கவில்லை. சிறிய அளவில் வருகிற புழுவெட்டு பலருக்குச் சில மாதங்களில், ஓராண்டுக்குள், தானாகவே சரியாகிவிடும். அந்த நேரத்தில் கையில் எது இருந்ததோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. தேய்த்துத் தேய்த்துத் தழும்பாகிவிட்டால் மட்டும் அங்கே முடி திரும்பவே திரும்பாது. இயற்கையாகவே வந்திருக்கக்கூடிய முடியை நாமே வராமல் செய்துவிடுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழந்தைகளின் தலையில் பூஞ்சை பிடித்தாலும் இப்படித்தான் திட்டுத்திட்டாக முடி போகும். செதில், பொடிப்பொடியாக உடைந்த முடி, சில நேரம் அமுக்கினால் மெத்தென்று சீழ்க் கட்டி. அதற்கு வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும். மேலே எதைப் பூசினாலும் பயனில்லை. தாமதித்தால் அதுவும் தழும்பில்தான் முடியும்.

அக்கி எழுதும்போது ஓடிவிடும் மூன்று நாள்

அறுபது வயதைத் தாண்டிய ஒரு விவசாயி சட்டையைக் கழற்றினார். வலது விலா முழுக்கக் காவி. அதற்கடியில் திராட்சைக் குலைபோலக் கொப்புளங்கள். "மூணு தடவை எழுதியாச்சுங்க. கொப்புளம் காயுது, எரிச்சல் மட்டும் உயிர் போகுது" என்றார். வந்தது ஒன்பதாம் நாள்.

அக்கி எழுதுகிற குயவர் வீட்டுப் பெரியவர்களை நான் குறை சொல்லவில்லை. பலர் காசு வாங்காமல் செய்கிறார்கள். குளிர்ந்த காவி எரிச்சலைக் கொஞ்சம் தணிக்கவும் கூடும். ஆனால் அக்கி என்பது சூடு அல்ல. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பு வேரில் பல ஆண்டு ஒடுங்கிக் கிடந்து, வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது அந்த நரம்பின் வழியே கிளம்பி வருகிறது. கொப்புளம் இரண்டு மூன்று வாரத்தில் எப்படியும் காய்ந்துவிடும், எழுதினாலும் எழுதாவிட்டாலும். காயாதது நரம்பின் வலி. பெரியவர்களுக்கு அது மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்.

வைரஸை அடக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. முதல் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் அவை நன்றாக வேலை செய்யும். எழுதுகிற அந்த மூன்று நாள் எதைத் தின்றுவிடுகிறது என்று இப்போது புரிகிறதா? நெற்றியிலோ கண்ணைச் சுற்றியோ, குறிப்பாக மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் பார்வைக்கே ஆபத்து. அன்றே வாருங்கள். எழுதித்தான் ஆக வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால், மாத்திரையை வாங்கி முதல் வேளை விழுங்கிவிட்டுப் போய் எழுதிக்கொள்ளுங்கள்.

தேய்த்தாலும் போகாத கழுத்துக் கருப்பு

பதின்ம வயதுப் பிள்ளைகளின் கழுத்தைப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துப் புண்ணாக்கி அழைத்து வருகிறார்கள். "சரியா குளிக்க மாட்டேங்கறா டாக்டர்." பள்ளிக்கூடத்திலும் அதையே சொல்லிக் கேலி செய்திருப்பார்கள். அது அழுக்கே இல்லை. கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட்டுத் துணிபோலத் தடித்துக் கருப்பது பெரும்பாலும் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். உருளைக்கிழங்குச் சாறும் சர்க்கரையும் கலந்து தேய்ப்பதை நிறுத்திவிட்டு ரத்தச் சர்க்கரையையும் எடையையும் பாருங்கள். எடை குறையக் குறையக் கருப்பும் குறையும். அதுவரை அந்தக் குழந்தையைத் திட்டாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே டியூப்

கைவைத்தியம் பலிக்காமல் போன மறுநாள் எல்லோரும் போகும் இடம் மருந்துக்கடை. "படர்தாமரைக்கு ஏதாச்சும் குடுங்கண்ணே" என்றதும் ஒரு டியூப் வருகிறது. அதில் பூஞ்சை மருந்தும் ஸ்டீராய்டும் கலந்திருக்கும். இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். சிவப்பு மங்கும். தீர்ந்தது என்று நிறுத்துவார்கள். ஸ்டீராய்டு தோலின் காவலைத் தூங்க வைத்திருக்கும். பூஞ்சையோ அடியில் சாவகாசமாகப் பரவியிருக்கும். மறுபடியும் வரும்போது வட்டமே கலைந்துபோய், பார்க்கிற எனக்கே அடையாளம் தெரியாத உருவத்தில் இருக்கிறது. ஒரே துண்டு, ஒரே டியூப் என்று வீடு முழுக்க ஒட்டிக்கொண்டுவிடுகிறது. முன்பு இரண்டு வாரத்தில் தீர்ந்த படர்தாமரை இன்று மாதக்கணக்கில் மருந்து கேட்கிறது என்றால் அதில் இந்தப் பழக்கத்துக்கும் பெரிய பங்குண்டு. 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு ஆணை போட்டுவிட்டது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது.

இதே டியூபை முகம் வெளுக்கப் போடுகிறவர்கள் வேறு. முதல் மாதம் பளிச்சென்றுதான் இருக்கும். பிறகு தோல் காகிதமாக மெலிந்து, சிவந்த ரத்தக் குழாய்கள் தெரிந்து, மீசை இடத்தில் முடி வளர்ந்து, நிறுத்தினால் முகம் தீயாக எரிகிறது என்று வந்து நிற்பார்கள். பெயரும் தயாரிப்பாளர் விலாசமும் இல்லாமல் 'ஹெர்பல்' என்று மட்டும் எழுதி விற்கும் வெள்ளை கிரீம்களைத் தொடவே தொடாதீர்கள். 2023-ல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் சிறுநீரகம் பாதித்து, கால் வீங்கிச் சிலர் மருத்துவமனைக்கு வந்தார்கள். விசாரித்தபோது பெரும்பாலோர் சிவப்பழகு கிரீம் போட்டவர்கள். அந்தக் கிரீம்களில் பாதரசம் இருந்தது.

கொட்டும் முடியும் மூலிகை எண்ணெயும்

டெங்கு, டைபாய்டு, பிரசவம், ஆபரேஷன், இவை முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துச் சீப்பு நிறைய முடி வரும். காய்ச்சலை மறந்திருப்பார்கள், எண்ணெயைக் குறை சொல்வார்கள். நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். காய்ச்சலுக்குப் பிறகு கொட்டுவது ஆறு மாதத்தில் தானே அடங்கும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், எந்த எண்ணெய் போட்டாலும். தொடர்ந்து கொட்டினால் ஹீமோகுளோபின், இரும்புச் சத்து, தைராய்டு பார்க்க வேண்டும்.

பொடுகுக்கு எண்ணெய் வைத்து ஊறப்போடுவது எரிகிற அடுப்பில் விறகு செருகுவதுதான். பொடுகுக்குத் துணைபோகும் ஈஸ்ட் அந்தக் கொழுப்பைத் தின்றுதான் பெருகுகிறது. தலைக்குப் போடும் மருதாணியிலும் கவனம் வேண்டும். மருதாணி இலை ஆரஞ்சும் சிவப்புமாகத்தான் பிடிக்கும். கருப்பாகப் பிடித்தால் அதில் பெரும்பாலும் பி.பி.டி. என்ற சாயப்பொருள் கலந்திருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கண் திறக்க முடியாமல் முகம் வீங்கும்.

தாராளமாகச் செய்யுங்கள்

தலைக்குக் குளிப்பதற்கு முன் தேங்காயெண்ணெய் தடவுங்கள். அது முடிக்குள் இறங்கி, கழுவும்போது புரதம் போவதைக் குறைக்கிறது. பனிக்காலத்தில் வறண்ட கைகாலுக்கும் அதுவே போதும். பருவுள்ள பிள்ளைகள் நெற்றியில் வழியவிட வேண்டாம். பாசிப்பயறு மாவு, அரப்பு, சீயக்காய் எல்லாம் நல்லவைதான். கண்ணில் படாமல், நகத்தால் பிறாண்டாமல். புதிதாக எதைப் போடுவதானாலும் முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பாருங்கள். நோயில்லாத தோலைப் பேண இவை போதும். நோய் வந்த தோலுக்கு இவை மருந்தல்ல.

கெஞ்சிக் கேட்கிறேன்

தேமல் என்று நினைத்து நான்கு வருடம் கீழாநெல்லி அரைத்துப் போட்ட ஒரு கட்டடத் தொழிலாளிக்குச் சுண்டுவிரல் மடங்கிவிட்டது. முன்கையிலிருந்த வெளிர்ந்த திட்டில் பஞ்சை வைத்துத் தடவினேன், அவருக்குத் தெரியவில்லை. தொழுநோய். அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே மாத்திரை இலவசம்; வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் தீர்ந்துவிடும். நோய் தீர்ந்துவிட்டது, விரல் நிமிரவில்லை. முதல் வருடமே வந்திருந்தால் அவர் இன்று கரண்டியை இறுக்கிப் பிடித்துப் பூச்சு வேலை செய்துகொண்டிருப்பார்.

வெளிர்ந்த திட்டில் உணர்ச்சி இல்லையென்றால் வாருங்கள். கொப்புளம் ஒரு பக்கமாக வரிசை கட்டினால் வாருங்கள். குழந்தையின் தலையில் சீழ் கட்டினால் வாருங்கள். எதையாவது தடவி எரிந்தால் உடனே குழாயைத் திறந்து இருபது நிமிடம் தண்ணீர் விடுங்கள். அதன்மேல் இன்னொன்றைத் தடவாதீர்கள்.

வரும்போது திட்டுவேனோ என்று பயந்து முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு வராதீர்கள். என்ன போட்டீர்களோ அந்த டியூப், பொடி டப்பா, அரைத்த இலை, எதுவானாலும் ஒரு பையில் போட்டு எடுத்து வந்து என் மேசைமேல் வையுங்கள்.