ஜெல் புண்ணை மூடும், காரணத்தை மூடிவிடக் கூடாது

குடல்புண்ணின் மேல் ஒட்டிக்கொண்டு அமிலம் படாமல் காக்கும் மருந்து புதிதல்ல. சர்க்கரையின் வழிப்பொருளான சுக்ரால்ஃபேட்டுக்கு அமெரிக்காவில் 1981-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. அமிலம் பட்டதும் அது பசையாகி, புண்ணில் கசியும் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட், இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான், நம் உடலிலேயே உள்ள ஹைலுரானிக் அமிலம் ஆகியவற்றால் இன்று ஆய்வகங்களில் உருவாகும் ஜெல்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. ஈரம் காத்து, மருந்தை மெல்ல மெல்ல வெளிவிட்டு, புதுச் செல்கள் ஊன்றி வளர இடம் தருவதே இவற்றின் நோக்கம். எண்டோஸ்கோப்பி வழியாகப் பூசி ரத்தக்கசிவை நிறுத்தும் பெப்டைட் ஜெல் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. ஆகவே இத்துறையை ஏமாற்று வேலை என்று ஒதுக்குவது அறியாமை.

ஆனால் புண் ஆறுவது வேறு, நோய் தீர்வது வேறு. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் வந்த காலத்தில் முன்சிறுகுடல் புண்கள் நன்றாகவே ஆறின. மாத்திரையை நிறுத்தியதும் பலருக்கு மீண்டும் வந்தன. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை 1980-களின் தொடக்கத்தில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அடையாளம் காட்டிய பிறகே அதன் காரணம் விளங்கியது. 2005-ல் நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பு அது. கிருமியை ஒழித்தவர்களுக்குப் புண் திரும்புவது அரிதானது. இக்கிருமியும் சிலவகை வலிநிவாரணி மாத்திரைகளுமே இத்தகைய புண்களுக்குப் பெரும்பாலும் காரணம். எவ்வளவு நல்ல ஜெல்லானாலும் இவ்விரண்டையும் அது விசாரிப்பதில்லை.

“பூசினால் என்ன கெட்டுவிடும், மேலே ஒரு படலம்தானே?” என்று கேட்கலாம். சுக்ரால்ஃபேட்டையே பாருங்கள். அதில் அலுமினியம் இருப்பதால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு எச்சரிக்கை தேவை. தைராய்டு மாத்திரை, சில ஆன்டிபயாட்டிக்குகள் ஆகியவற்றை உடல் உறிஞ்சுவதையும் அது தடுக்கும். வலி அடங்கியதால் எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடுவது இதைவிட ஆபத்து, ஏனென்றால் இரைப்பைப் புற்றுநோயும் தொடக்கத்தில் சாதாரணப் புண்ணாகவே தோன்றலாம். ஆய்வகத்தில் ஜெல் பூசிய எலிகளுக்குப் புண் ஆறியதே என்றால், நலமான எலிக்கு ஆய்வாளர் ஏற்படுத்திய புண்ணும் ஆண்டுக்கணக்காக ஒருவரை வாட்டும் புண்ணும் ஒன்றல்ல. ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், திடீரென்று கிழிக்கும் வயிற்றுவலி என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குடல்புண்ணுக்கு மருந்து விற்கும் விளம்பரக்காரர்கள் மறைக்கும் ஒன்றும் உண்டு. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், மருந்து விளம்பரத்துக்குத் தடைவிதித்துள்ள நோய்ப் பட்டியலில் இரைப்பை, குடல் புண்ணும் இருக்கிறது. “அல்சர் நிரந்தரமாகக் குணமாகும்” என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதே குற்றம். முதல் முறை ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் செய்யலாம். பணம் பறிபோயிருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் உண்டு. நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுக்குள் அணுகலாம், நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

மருத்துவமனையே புதிய ஜெல்லைச் சோதிக்க அழைத்தால் மறுக்க வேண்டியதில்லை, கேள்வி கேட்டால் போதும். நெறிமுறைக் குழு அனுமதித்ததா, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவேடு இணையத்தில் இலவசம். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை நிற்காது. சோதனையால் பாதிப்பு நேர்ந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் கேட்கலாம். அதற்கு ஆதாரம், நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தின் நகல்.