மீன்பிடிப் படகு: புதியதா, பழையதா?

நம் நாட்டின் தோட்டங்கள் பல, கடற்கரைக்கும் ஆற்று முகத்துவாரங்களுக்கும் அருகில் அமைந்துள்ளன. கோல சிலாங்கூர், பாகான் டத்தோ, நிபோங் திபால் போன்ற வட்டாரங்களில் வாழும் தோட்ட மக்களுக்கு மீன்பிடித்தல் புதிய செய்தியன்று. காலையில் பால் மரம் சீவி, நண்பகலில் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, மாலையில் தூண்டிலோடு ஆற்றங்கரைக்குச் செல்வது தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த பழக்கமாகும்.

இவர்களுள் சிலர், ஓய்வு பெறும் காலத்தில் சொந்தமாக ஒரு படகு வாங்கிச் சிறிய அளவில் மீன்பிடித் தொழில் செய்ய விரும்புகின்றனர். இது போற்றத்தக்க எண்ணமே. ஆயினும், அவர்கள் படகுக்காகச் செலவிடப்போவது ஊழியர் சேமநிதியில் ஆண்டுக் கணக்காகச் சேர்ந்த பணமாகும். ஐம்பத்தைந்து வயதில் எடுக்கும் அத்தொகை ஒருமுறை கரைந்துவிட்டால், மீண்டும் சேர்வதற்குக் காலம் இல்லை. எனவே, புதிய படகை வாங்குவதா, பிறர் பயன்படுத்திய படகை வாங்குவதா என்னும் கேள்விக்கு அவசரமின்றி விடை காண வேண்டும். அதற்குத் துணையாகச் சில செய்திகளை இங்கே விளக்குகிறோம்.

வீடு முதலில், படகு பின்னர்

தோட்ட வீட்டில் வாழ்வோர் ஒன்றை மறத்தல் கூடாது. வேலை முடிந்தபின் அவ்வீட்டைத் திரும்ப ஒப்படைக்க வேண்டிய நிலை பலருக்கு உண்டு. ஆதலின், குடியிருக்க ஓர் இடத்திற்கான பணத்தை முதலில் தனியே ஒதுக்கிவிட வேண்டும். மருத்துவச் செலவிற்கும் ஒரு பகுதியை வைத்துக்கொள்ள வேண்டும். இவை போக எஞ்சுவதே படகுக்குரிய பணம். வீட்டுப் பணத்தில் படகு வாங்கியவர், ஒரு பருவம் மீன் கிடைக்காமற்போனால் இரண்டையும் இழக்க நேரிடும்.

உரிமம் இல்லாத படகு தொழில் தராது

படகைப் பார்ப்பதற்கு முன் மீன்வளத் துறை அலுவலகத்திற்குச் செல்லுங்கள். 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்படி, கடலில் மீன்பிடிக்கும் படகிற்கு உரிமம் இருத்தல் வேண்டும். புதிய உரிமம் கேட்டவுடன் கிடைத்துவிடும் என்று எண்ணுதல் தவறு. கடல்வளம் அழியாமல் காக்கும்பொருட்டு, உரிமங்களைத் துறையினர் கட்டுப்படுத்தியே வழங்குகின்றனர். ஆறு, ஏரி ஆகியவற்றில் மீன்பிடிப்பதற்கு அந்தந்த மாநிலத்தின் விதிகள் உள்ளன.

பழைய படகை வாங்குவோர் ஏமாறும் இடமும் இதுவே. “உரிமத்தோடு சேர்த்துத் தருகிறேன்” என்று விற்பவர் சொல்லக்கூடும். அந்த வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள். படகு கைமாறினால் உரிமமும் தானாகக் கைமாறிவிடும் என்பதில்லை. படகில் எழுதப்பட்டுள்ள எண்ணும் பத்திரத்தில் உள்ள எண்ணும் ஒன்றா, உரிமம் நடப்பில் உள்ளதா, உங்கள் பெயரில் பெறுவதற்கு வழி உண்டா என்பவற்றைத் துறை அலுவலகத்திலேயே கேட்டறிந்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும். அரசாங்கம் மீனவர்களுக்கு வழங்கும் உதவிகளும் உரிமம் பெற்றுத் தொழில் செய்வோரையே நாடி வரும். 1971இல் தோற்றுவிக்கப்பட்ட மலேசிய மீன்வள மேம்பாட்டு வாரியத்திடமும், உங்கள் வட்டார மீனவர் சங்கத்திடமும் இது குறித்து ஆலோசனை பெறலாம்.

விலை வேறு, செலவு வேறு

பழைய படகின் சிறப்பு, அதன் குறைந்த விலை. புதிய படகின் சிறப்பு, அதன் உறுதியும் மோட்டாருக்குக் கிடைக்கும் உத்தரவாதமும். இவற்றுள் எது இலாபம் என்பதை விலையைக் கொண்டு மட்டும் அறிய இயலாது. எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கீழே வரும் தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக நாம் வைத்துக்கொண்டவையே. சந்தை விலை இடத்திற்கு இடம் மாறுபடும்.

ஒருவர் மோட்டாருடன் கூடிய புதிய சிறு படகை 20,000 வெள்ளிக்கு வாங்குகிறார். அது பத்தாண்டுகள் உழைத்தால் ஆண்டுக்கு 2,000 வெள்ளி ஆகிறது. மற்றொருவர் பழைய படகை 9,000 வெள்ளிக்கு வாங்கி, 3,000 வெள்ளிக்குப் பழுது பார்க்கிறார். அது நான்கே ஆண்டுகளில் பயனற்றுப் போனால் ஆண்டுக்கு 3,000 வெள்ளி ஆகிறது. மலிவு என்று எண்ணி வாங்கியதே இங்கு அதிக விலையாகிவிட்டது. மூன்றாமவர் அதே 9,000 வெள்ளிக்கு நன்கு பேணப்பட்ட படகைத் தேர்ந்தெடுத்து, 1,000 வெள்ளிக்குச் சீர்செய்து, எட்டு ஆண்டுகள் பயன்படுத்துகிறார். அவருக்கு ஆண்டுக்கு 1,250 வெள்ளியே ஆகிறது.

இதனுடன், தொழில் நின்றுபோகும் நாள்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாள் ஒன்றுக்கு 80 வெள்ளி ஈட்டுபவரின் மோட்டார் ஆண்டில் இருபது நாள்கள் பழுதாகிக் கிடந்தால், 1,600 வெள்ளி வருமானம் போய்விடும். ஆகவே, பழைய படகு இலாபமா நட்டமா என்பது அப்படகின் உண்மை நிலையையும் அதனை ஆராயும் நம் கண்ணையும் பொறுத்ததாகும்.

பட்டையைப் பார்த்து மரத்தை அறிவதுபோல

பால் மரம் சீவும் தொழிலாளருக்கு ஒன்றைச் சொல்லித் தரத் தேவையில்லை. ஒரு மரம் நல்ல மரமா என்பதை அதன் இலையைப் பார்த்து அவர் முடிவு செய்வதில்லை. பட்டையைப் பார்க்கிறார். முன்பு சீவியவர் ஆழமாக வெட்டிக் காயப்படுத்தியிருந்தால், மீண்டும் வளர்ந்த பட்டையில் முடிச்சுகள் தெரியும். படகும் அத்தகையதே. மேலே பூசியுள்ள வண்ணம் அதன் இலை. முன்பு வைத்திருந்தவரின் கைப்பக்குவம் அடிப்பகுதியிலேதான் தெரியும். விற்பனைக்கு நிற்கும் படகில் வண்ணம் மிகப் புதிதாக இருந்தால், அதனடியில் இருப்பதைக் கூடுதல் கவனத்துடன் பார்க்க வேண்டும்.

மரப்படகாயின், அதைக் கரைக்கு ஏற்றச் செய்து, நீரில் மூழ்கும் பகுதி முழுவதையும் பாருங்கள். செங்கால் போன்ற உறுதியான மரங்கள் நீண்ட காலம் உழைப்பவை. எனினும், உப்பு நீரில் வாழும் கடற்புழு மரத்தைத் துளைத்து உள்ளே வாழக்கூடியது. வெளியே ஊசிமுனை அளவு துளைதான் தெரியும். உள்ளே பலகை சல்லடையாகியிருக்கும். சிறு கத்தியின் முனையால் அடிமரத்தின் ஓரத்திலும் பலகை இணைப்புகளிலும் அழுத்திப் பார்க்க வேண்டும். முனை எளிதில் இறங்கினால் மரம் உளுத்துவிட்டது என்று பொருள். ஆணிகளைச் சுற்றித் துருக்கறை படிந்திருக்கிறதா, பலகை இடுக்குகளில் நார் திணித்து அடைத்த அடைப்பு பெயர்ந்திருக்கிறதா என்பவற்றையும் கவனிக்க வேண்டும்.

ஃபைபர் படகாயின் புழுவின் அச்சம் இல்லை. ஆனால் அதற்கும் நோய் உண்டு. மரச் சுத்தியின் பிடியால் உடல் முழுவதும் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். உறுதியான இடத்தில் கணீரென்ற ஒலி எழும். உள்ளே நீர் இறங்கி அடுக்குகள் பிரிந்த இடத்தில் ஒலி மந்தமாகும். அடிப்பகுதியில் கொப்புளங்கள் உள்ளனவா என்று பாருங்கள். எல்லாவற்றினும் முக்கியமானது மோட்டாரைத் தாங்கும் பின்பலகை. பல படகுகளில் ஃபைபருக்கு உள்ளே ஒட்டுப்பலகை இருக்கும். திருகாணித் துளைகளின் வழியே நீர் புகுந்தால் அப்பலகை வெளியே தெரியாமல் அழுகும். மோட்டாரைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பின்பலகையும் சேர்ந்து வளைந்தால் அப்படகை விட்டுவிடுங்கள்.

மோட்டாரைச் சோதிக்கும் முறை

மோட்டாரைப் பார்க்கச் செல்லும் நேரத்தை விற்பவருக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால், அவர் அதை முன்னரே இயக்கிச் சூடாக்கி வைத்திருக்கலாம். எனவே, சென்றவுடன் மேல்மூடியின்மேல் கை வைத்துப் பாருங்கள். குளிர்ந்த நிலையிலிருந்து எளிதாகக் கிளம்பும் மோட்டாரே நல்ல மோட்டார்.

இயங்கும்போது பின்புறத்திலிருந்து ஒரு சிறு நீர்த்தாரை விடாமல் பாய வேண்டும். மோட்டாரைக் குளிர்விக்கும் நீர் ஓடுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். அடியிலுள்ள பற்சக்கரப் பெட்டியின் எண்ணெயைச் சிறிது வெளியே எடுத்துப் பாருங்கள். அது பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது. மெக்கானிக் ஒருவரைக் கொண்டு சிலிண்டர்களின் அமுக்கத்தை அளக்கச் செய்வது சிறிய செலவு. பெரிய நட்டத்தைத் தடுக்கும். மோட்டாரின் வரிசை எண் அழிக்கப்பட்டிருந்தால் அது திருட்டுப் பொருளாக இருக்கலாம். அதைத் தொடவே கூடாது.

மோட்டாரின் தண்டு நீளமும் படகுக்குப் பொருந்த வேண்டும். சிறு மோட்டார்களில் 15 அங்குலத் தண்டும் 20 அங்குலத் தண்டும் பெரும்பான்மையாக உள்ளன. உயரமான பின்பலகையில் குட்டைத் தண்டு மோட்டாரைப் பொருத்தினால், அலை எழும்போது சுழல்விசிறி காற்றைக் கலக்குமேயன்றிப் படகைத் தள்ளாது.

நிறைவாக, நீரில் இறக்கி ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். வலை, பனிக்கட்டிப் பெட்டி, ஆள் ஆகிய சுமையோடு ஓட்டுவதே சரியான சோதனை. இயன்றால் ஓர் இரவு படகை நீரிலேயே விட்டுவைத்து, காலையில் உள்ளே எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

இடைப்பட்ட வழி

புதியது, பழையது என்னும் இரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. உறுதியான பழைய ஃபைபர் உடலை வாங்கி, அதில் புதிய மோட்டாரைப் பொருத்திக்கொள்வதே அது. படகின் உடலைக் கண்ணாலும் கையாலும் சோதித்து அறியலாம். மோட்டாரின் உள்ளே உப்பு செய்த சேதத்தை அறிவது கடினம். மேற்குக் கரையில் பின்னிரவிலும் விடியற்காலையிலும் திடீரென்று எழும் சுமத்ராக் காற்றில் அகப்பட்டுக்கொண்டவருக்கு உயிர்த்துணை மோட்டாரே. அந்த நேரத்தில் அது நின்றுவிட்டால், மிச்சப்படுத்திய பணத்தால் பயனில்லை. ஆகவே, சிக்கனத்தை உடலில் காட்டுங்கள். மோட்டாரில் காட்டாதீர்கள் என்று கூறுகிறோம்.

பழைய படகே வாங்குவதாயினும், ஒதுக்கிய பணம் முழுவதையும் அதிலேயே போட்டுவிடாமல், நான்கில் ஒரு பங்கைப் பழுதுபார்ப்பிற்கென வைத்துக்கொள்ளுங்கள். உயிர்காப்பு மேலங்கி, துடுப்பு, விளக்கு ஆகியவை இல்லாத படகு, விலை எவ்வளவு குறைவாயினும், முழுமையான படகன்று.

கடன் தேவைப்படுவோர் வட்டிக்காரரிடம் செல்ல வேண்டாம். 1969இல் விவசாய வங்கியாகத் தொடங்கி, 2008 முதல் அக்ரோபேங்க் என்னும் பெயரில் இயங்கும் வங்கியையும், தெக்குன் நிறுவனத்தையும் அணுகிக் கேட்டறியலாம். வாங்கும்போது விலை, படகின் எண், மோட்டாரின் வரிசை எண், விற்பவரின் அடையாள அட்டை எண் ஆகியவற்றை எழுதி, சாட்சி முன்னிலையில் இருவரும் கையொப்பமிட வேண்டும்.

யாருக்கு எது ஏற்றது?

மீன்பிடித்தலை இப்போதுதான் கற்கத் தொடங்கியிருப்பவர் எந்தப் படகையும் உடனே வாங்க வேண்டியதில்லை. அனுபவமுள்ள மீனவர் ஒருவருடன், விதிமுறைப்படி, ஒரு பருவம் தொழில் செய்து பாருங்கள். கடல் உங்கள் உடலுக்கு ஒத்துவருகிறதா என்பதும், எத்தனை நாள்கள் வெறுங்கையோடு திரும்ப நேரிடும் என்பதும் அப்போது தெரியும். படகைச் சோதிக்கும் கண்ணும் அங்கேதான் பயிலும்.

தொழில் தெரிந்தவர், பழுது பார்க்கும் கைப்பழக்கமும் உள்ளவராயின், நல்ல பழைய படகு அவருக்கு இலாபமானது. நாள்தோறும் கடலுக்குச் சென்று அதைக்கொண்டே குடும்பம் நடத்தவிருப்பவர், உரிமமும் பணமும் கைவசம் இருந்தால், புதிய படகை வாங்குவது தகும். விடுமுறை நாளில் மட்டும் தூண்டில் போட விரும்புவோருக்கு ஆற்றில் செல்லும் சிறு சம்பானே போதுமானது.

முடிவு செய்யும்முன், இல்லத்தாரோடு அமர்ந்து இக்கணக்குகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சேமநிதியில் சேர்ந்த ஒவ்வொரு வெள்ளியிலும் அவர்களின் உழைப்பும் சிக்கனமும் கலந்துள்ளன. அவர்களும் ஒப்புக்கொண்ட பின் வாங்கும் படகே, புதியதாயினும் பழையதாயினும், வீட்டுக்கு வருமானம் கொண்டுவரும் படகாக அமையும் என்பது நமது நம்பிக்கை.